நன்றியுரை சிவஞானம்

டெல்லி கரோல் பாக் தமிழர்கள் மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒரு பேச்சாளரை வரவழைப்பார்கள். யார் வந்து பேசினாலும் நன்றியுரை சிவஞானம்தான். விவசாய இலாகாவில் செக்‌ஷன் ஆபீசர், ஊர் திருநெல்வேலி. பேச வந்தவரில் தொடங்கி மைக் செட் குப்தா, வாசல் காவலோடு ஜமக்காளமும் விரித்த சௌகிதார் வரை ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லிக் கும்பிடு போடுவார். பேச்சைவிட நன்றியுரை நீளம் என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள். ஆனால் தன் பெயர் வரும் வரை யாரும் எழுந்து போனதில்லை.

அவருடைய ஒரே பையன் குமரேசன் பம்பாயில் வேலையாக இருப்பதாக எல்லோருக்கும் தெரியும். அவரே சொன்னதுதான். உண்மை அவருக்கும் மனைவி வள்ளியம்மைக்கும் மட்டுமே தெரியும். ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓட, அம்மாவின் நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் ஆடிய பையனை, ஆபீசிலிருந்து வந்தவர் மாடிப்படியில் பிடித்துத் தள்ளினார். புருவம் பிளந்தது. அந்த ரத்தத்தோடு போன பிள்ளை திரும்பவே இல்லை.

எண்பத்து மூன்றில் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். 'கோயில், காமம், சினிமா' என்று தலைப்பு. அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள்தான் முதலில் வந்து முன்வரிசையைப் பிடித்தார்கள். விளக்கை அணைத்து ஸ்லைடு காட்டினார். தென்னாற்காட்டில் ஒரு சித்திரைத் திருவிழா. ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்கிறவர்கள் அரவானுக்கென்று தாலி கட்டிக்கொண்டு, சினிமா நடிகைகளைப் போலக் கொண்டை போட்டு இரவெல்லாம் ஆடி, மறுநாள் தாலியறுத்து அழுகிறார்கள்.

ஒரு படத்தில் நிறுத்தினார். வளையல் உடைந்த கையால் வாயைப் பொத்தி அழும் முகம். இடது புருவத்தில் தழும்பு.

"இவங்க டெல்லியில வளர்ந்தவங்க. ஹிந்தி கலந்துதான் பேசினாங்க. அம்மா பேரையே தனக்கும் வச்சுக்கிட்டதாச் சொன்னாங்க. வள்ளியம்மைன்னு."

விளக்கு எரிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து வள்ளியம்மை எழுந்தாள். கூட்டத்தில் வாய் திறந்தே அறியாதவள்.

"ஐயா, அந்தப் பிள்ள இப்ப எங்க இருக்கு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் பதில் சொல்ல வாயெடுத்தார். இன்னும் ஒரு கேள்வி வந்தால் இத்தனை வருஷப் பொய் சந்தி சிரித்துவிடும். சிவஞானம் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். ஐயா ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி நன்றியுரையை ஆரம்பித்தார். அன்றும் ஒருவரையும் விடவில்லை. முடித்த கையோடு பேராசிரியரைத் தாமே டாக்ஸியில் ஏற்றி அனுப்பினார்.

வீட்டுக்கு நடக்கும்போது வள்ளியம்மை கேட்டாள். "அத்தன பேருக்கும் நன்றி சொன்னியளே. எம் பிள்ளையப் பாத்துட்டு வந்தவருட்ட ஒரு வார்த்த பேச விட்டியளா?"

பாவி மனுஷன், பிறகாவது அந்தப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அதற்கும் பயம். அவளுக்கோ எழுதத் தெரியாது.

எண்பத்தாறு குளிரில் நிமோனியா வந்து வள்ளியம்மை போய்ச் சேர்ந்தாள். மாதக் கூட்டம் நடக்கும் அதே ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வழக்கம்போலக் கடைசியில் சிவஞானம் எழுந்தார். குப்தா மைக்கைச் சரிசெய்து கொடுத்தார்.

"எனக்குப் பம்பாயில பையன் கிடையாது. ஒரு பொண்ணு உண்டு. பேரு வள்ளியம்மை. அம்மா செத்தது அவளுக்குத் தெரியாது. எங்க இருக்காள்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

அவர் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். அன்று அவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. குப்தா வெகுநேரம் காத்திருந்துவிட்டு மைக்கை அணைத்தார்.