புரியாதது போல

முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் அவள் வேலை. கூட வேலை செய்பவர்களுக்கு அவள் ஒரு வாயில்லாப் பூச்சி. சொந்த நாடு எது என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். கணவனோடு நடக்கும்போதுகூடத் தெருவில் தமிழ் பேசமாட்டாள். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அவளுக்குத் தாய்மொழி.

காரணம், அந்தப் பஸ். சொந்த நாட்டில் கலவர நேரம். கத்தியோடு ஏறிய கும்பல் தமிழ் பேசுகிறவர்களைத் தேடியது. பின் இருக்கையிலிருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரி பயத்தில், "அக்கா, இப்ப என்னக்கா பண்றது?" என்று கேட்டுவிட்டாள். இவள் யாரோ போல ஜன்னலைப் பார்த்தாள். தையல்காரியை மட்டும் இறக்கினார்கள். பஸ் கிளம்பியது. இறக்கப்பட்டவள் வீடு திரும்பவேயில்லை.

பிழைக்க வந்த நாட்டிலும் அந்த வாய்ப்பூட்டு கழலவில்லை.

இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழ் ரயில் ஓட்டுநருக்கு மறதி நோய். இந்த நாட்டு மொழி அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. "தண்ணி குடும்மா" என்று தமிழில் கெஞ்சுவார். மற்றவர்களுக்கு அது வெறும் கூச்சல். இவள் பேசாமல் தண்ணீரை வைத்துவிட்டு நழுவிவிடுவாள்.

ஒருநாள் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, யாருக்கும் தெரியாமல் தானே எப்படியோ கட்டிலுக்கு வந்துவிட்டார். "இடுப்பு போச்சே, விழுந்துட்டேனே" என்று அலறினார். வழக்கமான ஆர்ப்பாட்டம் என்று நர்ஸ் தூக்க மருந்து கொடுத்தாள். இவள் தலையணை உறையைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மறுநாள் எலும்பு முறிவு தெரிந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஓடிவந்த அவருடைய மகளிடம் இவள் வேலையிடத்தில் முதன்முறையாகத் தமிழில் பேசினாள்.

"அப்பா நேத்தே சொன்னாரு. எனக்குப் புரிஞ்சுது. நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

"புரிஞ்சும் சும்மா இருந்தியா? நீயெல்லாம் மனுஷியா?"

பஸ்ஸைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அது சாக்காகத்தான் இருக்கும் என்று பட்டது. நர்ஸிடமும் போய் உண்மையைச் சொன்னாள். மேலாளர் கண்டித்தார், வேலை மட்டும் தப்பியது.

பெரியவர் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். இவள் வார்டே கேட்க, "தண்ணி வேணுமாப்பா?" என்றாள்.

"அடியே, இத்தனை நாளா ஊமை வேஷமா போட்டே?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

மகள் மன்னிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, "இந்த வாரம் என்ன சொன்னாரு?" என்று மட்டும் கேட்பாள். இவள் ஒன்றையும் விடாமல் ஒப்பிப்பாள், மகளையே அவர் திட்டியது உட்பட.