0.6 என்றால் அறுபது சதவீதம்

எங்கள் அபார்ட்மெண்ட் ஓர் ஆளைக் கொல்லப் பார்க்கிறது.

இன்று காலை, பெங்களூரு வைட்ஃபீல்ட். கழிவுநீர்த் தொட்டியின் மூடி திறந்திருந்தது. மர்பி டவுனிலிருந்து வந்திருந்த செல்வம் சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அபார்ட்மெண்ட் சூப்பர்வைசர் கேஸ் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தார். 0.6.

"பாயிண்ட் சிக்ஸ்தான்பா. ஒண்ணுகூட இல்ல. ஒண்ணும் ஆகாது, இறங்கு."

அந்த மீட்டரில் ஒன்று வந்தால், ஒரு தீப்பொறிக்குத் தொட்டியே வெடித்துவிடும்.

"நூறால பெருக்கிப் பாருங்க சார். வெடிக்கிற அளவுல அறுபது பர்சென்ட் கேஸ் உள்ள இருக்கு" என்றேன்.

செல்வம் சிரித்தார். "அறுபதா? எங்க வீட்ல யாருமே ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்ததில்ல சார்."

சிரித்தபடியே கயிற்றை அவிழ்த்தார். 

சூப்பர்வைசர் மீட்டரை அணைத்துப் பைக்குள் போட்டார். "நாளைக்குக் காலைல வா செல்வம். இந்தச் சனியன் மெஷின் வேணாம்."

குடியிருப்போர் மெயில் குழுவில் உடனே எழுதினேன்: ஆளை இறக்காதீர்கள், உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

பதினோரு பேர் பதில் போட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: நாற்றம் எப்போது போகும்?

இதைப் படிக்கும் என் அபார்ட்மெண்ட்காரர்களே, நாளை செல்வத்தை இறக்க மாட்டோம் என்று ஒரே ஒருவர் எழுதுங்கள்.

காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.