எட்டாம் நம்பர் கால்

அந்த ஷூ தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் எட்டு. புது ஷூ ஒன்றைச் செய்து பார்க்கும்போது முதலில் ஒரே ஓர் அளவில்தான் செய்வார்கள். அங்கே அது எட்டாம் நம்பர். அதைப் போட்டுக்கொண்டு ஓடிப் பார்க்க ஆள் தேடியபோது, பேக்கிங் பிரிவில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த இவருடைய கால் அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது.

"வேலை கிடைச்சது உங்க காலுக்கு. நீங்க சும்மா துணைக்குப் போயிட்டு வர்றீங்க" என்பாள் மனைவி.

வேலை இதுதான். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. காலையில் அதில் ஏற வேண்டும். முதலில் மண் பாதை, அப்புறம் சரளை, ஓர் ஓடை, கடைசியில் பாறைச் சரிவு. சுற்று ஆறு கிலோமீட்டர். ஒரு ஜோடிக்கு ஐம்பது சுற்று. வருஷா வருஷம் காடு மேடெல்லாம் நூறு கிலோமீட்டர் பந்தயம் ஓடுகிறவர்களுக்கான ஷூ அது. முடிந்ததும் ஷூவின் அடிப்பாகமான சோலைக் கழுவித் தேய்மானத்தை அளந்து, தாளில் 'தேறியது' அல்லது 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டாது. பத்து வருஷமாக இதே கரடு, இதே கால்.

போன வருஷம் அவர் தேற்றிய ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் அந்தப் பந்தயத்தில் ஓடினார். எழுபத்தோராவது கிலோமீட்டரில் ஈரப் பாறை. கால் வழுக்கித் தலை மோதிய இடத்திலேயே உயிர் போய்விட்டது. பந்தயம் நடத்தியவர்கள் வலது ஷூவைச் சோதனைக்காகத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அதுவும் எட்டாம் நம்பர். மேனேஜர் பழைய தாளை எடுத்துப் பார்த்தார்.

"நீ எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஈரத்துல யாருக்குத்தான் வழுக்காது? விடு."

ஷூவில் குறையில்லை என்று பதில் போயிற்று. ஓடியவரின் கவனக்குறைவு என்று அந்த ஆசிரியரின் மனைவிக்குக் கடிதம் போயிற்று.

அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எட்டு அந்த ஷூவுக்குள் காலை விட்டார். ஏன் விட்டார் என்று அவருக்கே தெரியாது. உள்ளே பெருவிரல் அழுந்தி அழுந்தி ஒரு குழி விழுந்திருந்தது. அவருடைய பெருவிரல் போய் அதில் சொந்த இடம்போல உட்கார்ந்துகொண்டது. சட்டென்று உருவிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கரட்டில் அவருக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்கத் தொடங்கியது. திரும்பினால் யாரும் இல்லை. இவர் நின்றால், அது ஓர் அடி கூடுதலாக வைத்துவிட்டு நிற்கும்.

"பாறையில எதிரொலிக்கும்ங்க" என்றாள் மனைவி.

"மண்ணுலயும் கேக்குதே."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "கிட்ட வருதா?" என்று கேட்டாள்.

"இல்ல. அதே தூரம்தான்."

இந்த வருஷத்துக்குப் பழைய சோலிலேயே மேல்பாகத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். பந்தயத்துக்கு மூன்று வாரம். வெள்ளிக்கிழமைக்குள் தாள் வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"எட்டண்ணா, சீக்கிரம் ஓடி முடிங்க. பெட்டியை மடிச்சு மடிச்சு எங்களுக்கே வெறுத்துப்போச்சு" என்று பேக்கிங் ஆட்கள் சீண்டினார்கள்.

"என் கால்ல மோட்டாரா கட்டியிருக்கு?"

வெள்ளிக்கிழமை காலை, ஐம்பதாவது சுற்று. விடியும் முன் பெய்த மழையில் கரடு நனைந்து கிடந்தது. பாறைச் சரிவில் இறங்கும்போது பின்னால் அது வந்தது. வழக்கமாக அவர் வேகத்தைக் கூட்டித் தப்பப் பார்ப்பார். அன்று மூச்சு வாங்கியதில் முடியவில்லை. வேறு வழியின்றிக் காதுகொடுத்துக் கேட்டார்.

அவருடைய கால் ஒரு கறுப்புப் பாறையை ஒட்டி இடப்பக்கம் வளைந்து புல் ஓரத்தில் இறங்கியது. பின்னால் வந்த காலடி வளையவில்லை. நேராக அந்தப் பாறை மேலேயே 'சப்'பென்று விழுந்தது.

எட்டு நின்றுவிட்டார்.

முதல் வருஷம் அதே பாறையில் அவர் விழுந்திருக்கிறார். அதற்கப்புறம் ஒருநாளும் அதில் கால் வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்று நினைத்ததும் இல்லை. கால் தானாக ஒதுங்கிக்கொண்டது. சரிவை அண்ணாந்து பார்த்தார். சொரசொரப்பான கல், புல், மறுபடி சொரசொரப்பான கல் என்று பத்து வருஷமாக அவர் கால் பட்ட இடங்கள் மட்டும் வெளுத்து, ஒற்றைக் கோடாக இறங்கி வந்தன. எந்த ஷூவைக் கொடுத்தாலும் கால் அதை அந்தக் கோட்டிலேயே கூட்டிப்போய்க் கூட்டிவந்திருக்கிறது. தேறியதெல்லாம் கால்தான்.

மேலே ஏறிப்போய், புதிதாக வருகிற ஒருவர் எங்கே வைப்பாரோ அங்கே, கறுப்புப் பாறையின் நடுவில் வலது காலை வைத்து உடம்பின் பாரத்தை இறக்கினார். கால் பறந்தது. முழங்கை சிராய்ந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தார். மூன்றாவது முறை விலா அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அப்போது அந்தக் காலடி அவரைத் தாண்டி, நிதானமாகக் கீழே இறங்கிப் போனது.

"தேறல சார்" என்றார் மேனேஜரிடம்.

"விளையாடுறியா? நீ போன வருஷம் தேத்தின சோல்தானே இது?"

"அதுவும் தேறாததுதான் சார்."

எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தணித்துக்கொண்டு, "சரி, இதை நிறுத்திடலாம். வேற சோல் ஒட்டி அனுப்பலாம். இனிமே யாரும் விழப்போறதில்ல. தையல் விட்டுச்சுன்னு மட்டும் எழுது. போனதை எதுக்குக் கிளறுற? உன் வேலையும் போயிடும்ப்பா" என்றார்.

எட்டு பேனாவை எடுத்தார். மேனேஜர் சொன்னபடி எழுதினாலே போதும், யாருக்கும் கேடில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. அந்த ஆசிரியர் வீட்டில் ஒருத்தி, தன் கணவன் பார்த்துக் கால் வைக்காமல் செத்துப்போனான் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்பாள்.

"அவர் கவனமாத்தான் வெச்சாரு சார். வழி தெரியாதவங்க வைக்கிற இடத்துல வெச்சாரு. தெரிஞ்சவன் நான்தான்."

'தேறவில்லை' என்று எழுதினார். அதன் கீழே, போன வருஷத் தாளின் எண்ணைப் போட்டு, 'இதே சோல். ஈரப் பாறையில் நிற்காது. அன்று நான் எழுதியது தவறு. விழுந்தவர் மேல் குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முழங்கை பட்ட இடத்தில் தாள் சிவந்தது.

மேனேஜர் இரண்டு முறை படித்தார்.

"இதுல ஒரு நகல் வேணும் சார். அந்தம்மாகிட்ட கொடுக்கணும்."

"தபால்ல போட்டா ஆகாதா?"

"ஆகாது சார்."

மேனேஜர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போய் நகலெடுக்கும் இயந்திரத்தைப் போட்டார். அது சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதன் பக்கத்திலேயே நின்றார்கள்.