கிருஷ்ணகுமாரியின் இரண்டு நிமிடம்

ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதித் தமிழர்களில் யாருக்காவது அரசாங்க அலுவலகத்தில் வாய் திறக்கக் கூச்சமாக இருந்தால், பாலர் பாடசாலை உதவியாளரான கிருஷ்ணகுமாரியைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவருடைய நோர்வேஜிய இலக்கணத்தை நம்பியல்ல. காரியம் முடியும்வரை அவர் கதிரையை விட்டு எழும்பமாட்டார் என்பதற்காக.

அவருடைய மகள் மிதுனா ஒரு வருடப் படிப்புக்காக அமெரிக்கா போனாள். கறுப்பினப் பிள்ளைகளை மற்றக் கல்லூரிகள் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்று தொடங்கிய அரசுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். மகளைப் பார்க்கப்போன கிருஷ்ணகுமாரி, விடுதிக் கூரை ஒழுகுவதையும் கட்டில்களுக்கு நடுவே வாளிகள் நிற்பதையும் கண்டார். சில கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் போன பிள்ளைகளுடையவை. அந்த மாநில அரசு வெள்ளையருக்கென்று தொடங்கிய மற்றப் பெரிய கல்லூரிக்குத்தான் தலைமுறை தலைமுறையாக அள்ளிக்கொடுக்கிறது என்று மிதுனாவின் அறைத்தோழி சொன்னாள். ஒஸ்லோவுக்குத் திரும்பிய பிறகும் கிருஷ்ணகுமாரிக்குச் சோறு இறங்கவில்லை.

மாநில நிதிக்குழு காணொளியில் எவருடைய கருத்தையும் கேட்கும் என்று அந்தக் கல்லூரி மாணவர்கள் அறிவித்ததும் அவர் தன் பெயரைப் பதிந்துவிட்டார்.

“எங்கடை நோர்வே பாராளுமன்றத்திலையே நீர் இன்னும் கதைக்கேல்லை,” என்றார் கணவர் சண்முகலிங்கம். “அமெரிக்காக்காரன் நீர் சொல்லிக் கேக்கப்போறானோ?”

“கேக்கிற மட்டும் சொல்லுவம்.”

குழு கூடிய அன்று பின்னேரம் இடுப்புக்கு மேலே பட்டுச்சேலையும் கீழே கம்பளிக் காற்சட்டையுமாகக் கணினி முன் அமர்ந்தார். குழுத் தலைவர் அவருடைய பெயரைத் தட்டுத்தடுமாறி அழைத்தார். கிருஷ்ணகுமாரி வணக்கம் சொல்லி, எல்லோருடைய சுகமும் விசாரித்து, அங்கே மழையா என்று கேட்டு முடிக்கையில் கொடுத்த இரண்டு நிமிடத்தில் பாதி போய்விட்டது. அப்போது ஓர் உறுப்பினர் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. பாலர் பாடசாலைக் குரல் தானாகக் கிளம்பியது, முதலில் நோர்வேஜிய மொழியில், பிறகு ஆங்கிலத்தில்.

“அதைக் கீழை வையுங்கோ. நான் கதைச்சு முடிய எடுக்கலாம்.”

உறுப்பினர் வைத்தார். பக்கத்தில் இருந்தவரும் எதற்கும் இருக்கட்டும் என்று தன்னுடையதை வைத்தார்.

“நீங்கள் எங்கள் மாநிலத்தவர் இல்லையே. இதில் உங்களுக்கு என்ன அக்கறை?” என்று தலைவர் தன்மையாகக் கேட்டார்.

“ஊரிலை நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுகூடம் கேட்டுக் கேட்டே எங்கடை அதிபர் ஓய்வு பெற்றிட்டார். அமிலத்தை நான் கரும்பலகையிலைதான் கண்டனான். அதோடை பல்கலைக்கழகச் சோதினை எழுதச் சொல்லிச்சினம். எழுதினன், இடம் கிடைக்கேல்லை. நீங்களும் பாதியைக் குடுத்திட்டு முழுசாய்ப் படிக்கச் சொல்லுறியள். மற்றக் கல்லூரிக்குக் குடுக்கிறதை இதுக்கும் குடுங்கோ. காசில்லாமல் போன பிள்ளையளைத் திருப்பிக் கூப்பிடுங்கோ.”

இடையில் நேரம் முடிந்த மணி அடித்தது. அவர் சொல்லி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

மறுநாள் மிதுனா அழைத்தாள். “அம்மா, முழுக் கல்லூரியும் பாத்திட்டுது. இப்ப என்னைக் கண்டாலே எல்லாரும் ஃபோனைக் கீழை வைக்கினம்.”

வசந்தத்தில் கூரைக்குப் பணம் கிடைத்தது. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் பணம் அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிப்போனது. உங்கள் பேச்சால்தான் கிடைத்தது என்று அறைத்தோழி சொன்னபோது கிருஷ்ணகுமாரி ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்கள் வருசக்கணக்காய் அலைஞ்சதுக்குக் கிடைச்சது, பிள்ளை.”

சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்கும் பெயர் பதியக் குந்தினார். சண்முகலிங்கம் பின்னால் வந்து நின்றார்.

“என்ரை பேரையும் போடும்.”

“உங்களுக்கு அங்கை ஆரைத் தெரியும்?”

“வாளிக்குப் பக்கத்திலை படுத்தெழும்பின என்ரை பிள்ளையைத் தெரியும்,” என்றார்.