கொலுப் பொம்மைக்கு முடி நட்டவர்

சிட்லபாக்கத்தில் எங்கள் பின்வீட்டில் இருந்த மனிதரை இன்று நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. தாம்பரத்தில் ரயிலேறி ஆபீஸ் போய்வருகிறவர். மழமழவென்று சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. கடையில் வாங்கிய கொலுப் பொம்மையை அப்படியே படியில் வைக்க அவருக்கு மனம் வராது. நகவெட்டியில் இருக்கும் குட்டி அரத்தால் மூக்கை ராவிக் கூராக்குவார், பிளேடால் வண்ணத்தைச் சுரண்டுவார். நுணுக்க வேலைக்கென்று வைத்திருக்கும் ஊசியை நிமிஷத்துக்கொரு தரம் நாக்கில் வேறு தொட்டுக்கொள்வார்.

ஒரு நவராத்திரிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். மனைவிக்கு வேலை இருந்ததால் நான் மட்டும் போனேன். சுண்டலைத் தின்றபடி பார்த்தால், குடம் சுமக்கும் பெண் பொம்மைக்கு நிஜக் கூந்தல், பின்னலாகத் தொங்கியது.

"சவுரி முடியா சார்?" என்றேன்.

"சேச்சே, உங்க மிஸஸோடது சார்," என்றார் பெருமையாக. "தலை சீவிட்டு, சுருட்டி காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் போடுறாங்கல்ல? ஷாம்பூ போட்டு அலசி, ஊசியால ஓட்டை போட்டு ஒவ்வொண்ணா நட்டேன்."

சுண்டலைக் கீழே வைத்தேன். எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸஸுக்கு நரைக்க ஆரம்பிச்சிடுச்சு சார். அடுத்த வருஷம் கிழவி பொம்மைக்கு ஆகும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தலையைப் பார்த்தேன். காதோரம் நாலைந்து வெள்ளை முடிகள். கூடவே வாழும் எனக்கு முன்னால் அந்த ஆளுக்கு அது தெரிந்திருக்கிறது. அந்த எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.