போடில் காப்பாற்றிய நீரூற்று

மீன்காரி போடில் ஹோம்போவுக்குத் தொண்டை பெரிசு. படகு துறைமுகத்துக்குள் நுழையும்போதே சதுக்கத்தில் நின்றபடி விலை பேசிவிடுவாள் என்று எங்கள் ஊர் வெஸ்டர்மின்னில் கேலி பேசுவார்கள். அவள் கடை நீரூற்றை ஒட்டி இருந்தது. என் ரொட்டிக்கடை அதற்கு எதிரே.

அந்தக் காலத்தில் காலராவில் செத்தவர்களின் நினைவாக ஊரே சேர்ந்து கட்டிய நீரூற்று அது. அழுக்குக் கிணற்றால்தான் அத்தனை பேரும் போனார்கள் என்று தெரிந்தபின், காட்டு ஊற்றிலிருந்து குழாய் போட்டு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். குடத்தைச் சரித்தபடி ஒரு கல் பெண் நடுவில் நிற்பாள். போடிலின் குடும்பத்தில் அந்த நோய்க்குத் தப்பியது ஒரே ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தையின் வழிவந்தவள் அவள். தினமும் கடை திறக்குமுன் கல் பெண்ணின் பாதத்தைக் கழுவிவிடுவாள்.

ஊரில் கார்கள் பெருகின. வரும் சனிக்கிழமை நீரூற்றை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப்போவதாக மேயர் ஆக்னர் ப்ரூன் கூட்டத்தில் அறிவித்தார்.

"வீட்டுக்கு வீடு குழாய் இருக்கு. அந்தத் தண்ணிய யாரு தொடுறாங்க?" என்றார்.

போடில் எழுந்தாள். "யாரும் தொடுறதில்லையா? சனிக்கிழமை இடிக்க வருவீங்கல்ல, அப்ப வந்து பாருங்க."

வீடு வீடாக ஏறி இறங்கினாள். "அழுக்குத் துணி எல்லாத்தையும் சேர்த்து வைங்கடி" என்பதற்குமேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் கூடைகளோடு பெண்கள் வந்தபோது தொட்டி வறண்டு கிடந்தது. நகரமன்றம் முந்தின நாளே குழாயை அடைத்திருந்தது. சிலர் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக் கிளம்பினார்கள். போடிலின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு என் கடைக்குள் புயலாக நுழைந்தாள்.

"யோவ் ரொட்டிக்காரரே, உம்ம வாளி எல்லாம் எங்கே?"

கடைக்குழாயிலிருந்து பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன். பூக்கடை, மருந்துக்கடை, மாடி வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் வாளிகள் கைமாறி வந்தன. தொட்டி நிறைந்தது. கிரேன் வந்து சேர்ந்தபோது சதுக்கம் முழுக்க சோப்பு நுரை. கல் பெண்ணின் தோளில்கூட யாரோ போர்வையைக் காயப்போட்டிருந்தார்கள்.

மேயர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "என்ன கூத்து இது? எல்லாரும் நகருங்க!"

முட்டிவரை நனைந்திருந்த ஒரு கிழவி நிமிர்ந்தாள். மேயரின் அம்மா எல்லினோர்.

"கத்தாதடா ஆக்னர். உன் சட்டையத்தான் துவைக்கிறேன். காலர்ல எவ்வளவு அழுக்கு பாரு! இது காயட்டும், அப்புறமா இடிச்சுக்கோ."

சதுக்கமே அதிரச் சிரித்தது. கிரேன் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். "அக்கா, என் சட்டையையும் போடலாமா?" என்று போடிலிடம் கேட்டார்.

"போடுப்பா. மீன் நாத்தம் அடிச்சா என்னைத் திட்டாத" என்றாள் அவள்.

மேயர் எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டு நிற்பார்? உதடு துடித்தது, அவரும் சிரித்துவிட்டார். "நான் தோத்துட்டேன். நீங்களே வச்சுக்கோங்க உங்க நீரூற்றை" என்று தொப்பியைக் கழற்றினார். வண்டி நிறுத்துமிடத்தை ரயில் நிலையத்துக்குப் பின்னால் மாற்றுவதென்று அடுத்த கூட்டத்தில் முடிவானது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே நீரூற்றுக் குழாயைத் திறந்தார்கள். குடம் முதலில் இருமியது, துருநீரைத் துப்பியது, பிறகு பளீரென்று கொட்டத் தொடங்கியது. ஆரவாரத்தில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. எல்லோரும் போடிலைப் பேசச் சொன்னார்கள். ஊரிலேயே பெரிய தொண்டைக்காரிக்கு அன்று குரல் எழும்பவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் அடுத்தவருக்கு இடம் விட்டாள். அவள் பின்னால் வரிசை மாதா கோயில் வாசல்வரை நீண்டிருந்தது.