ஒன்பதாவது பாட்டில் வந்த பதில்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள். நான் கோவித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது நடந்தது. விஜயபாண்டிக்குப் பொய் சொல்ல வராது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொன்னான். அந்த ஒரு பொய்யால் வந்த வினைதான் இது.

விஜயபாண்டி ஒரு பேண்டில் கிடார் வாசித்துப் பாடுகிறவன். பேண்டின் பெயர் 'கடைசி ஜீப்பு'. போஸ்ட் பங்க் என்று ஒரு வகை இசை. பேஸ் கிடார் முன்னால் நடக்கும், இன்னொரு கிடார் பின்னால் அரற்றிக்கொண்டு வரும், பாடுகிறவன் பாடாமல் தனக்குத்தானே பேசுவான். போடியில் அதைக் கேட்டவர்கள், "ஸ்பீக்கர் ரிப்பேரா தம்பி?" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்தது. டிரம்ஸ் அடித்த சிவக்குமார் கல்யாணம் முடிந்து திருப்பூர் போய்விட்டான். பேஸ் வாசித்த பிரேம்சிங் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான். விஜயபாண்டி மட்டும் போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில், ஊர்க் கடைசியில், நீலக் கதவு போட்ட ஒரு வாடகை வீட்டில் மிஞ்சினான். வெகுநாள் பூட்டிக் கிடந்த வீடு. என்ன சத்தம் போட்டாலும் கேட்க நாதியில்லை என்றுதான் பிடித்தார்கள். முதல் ஆல்பத்தின் எட்டுப் பாட்டையும் அங்கேயே பதிவு செய்தார்கள். ஒன்பதாவது பாட்டில் அவன் குரல் மட்டும் பாக்கி. அது முடியாவிட்டால் ஆல்பம் இல்லை. ஆல்பம் இல்லையென்றால் பேண்டும் இல்லை. "சாப்பிட்டியா" என்று கேட்க ஓர் ஆள் இல்லாத வீட்டில், அந்த ஆல்பம் ஒன்றுதான் அவனுக்குத் துணையாக இருந்தது.

ஒன்பதாவது பாட்டின் நடுவே ஒரு கூவல் வரும். மலைக்காட்டுக் கூவல். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். பக்கத்து வரிசையில் காய் எடுப்பவர்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டார். வேலை முடிந்ததும் ஜீப் டிரைவர் பாதையில் நின்று கூவுவார். உள்ளேயிருந்து ஒவ்வொருத்தியாக, "இந்தா வர்றேன்" என்று பதில் கொடுப்பாள். பதில் கொடுத்தவள் வந்து ஏறாமல் ஜீப் நகரக் கூடாது. சின்ன வயதில் அம்மாவோடு மலைக்குப் போனபோது கேட்டதை அவன் பாட்டில் வைத்திருந்தான்.

நல்ல எதிரொலி வேண்டும் என்று, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏல எஸ்டேட்டின் பழைய ஸ்டோரை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினான். ஸ்டோர் என்றால், பச்சை ஏலக்காயை அனல் மூட்டி உலர்த்தும் கட்டடம். ஏப்ரல் மாதம். சீசன் முடிந்து காட்டில் ஈ காக்கை இல்லை. கூட்டிப் போனவர் ஜீப் ஓட்டும் மொக்கச்சாமி. அளந்துதான் பேசுவார்.

"அங்க என்ன சோலி?"

"நம்ம காட்டுக் கூவலைப் பதியணும்ணே."

மொக்கச்சாமி வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"சும்மா கூவக் கூடாதுப்பு. பதில் வந்துட்டா, கூவுனவன்தான் ஆளை வீட்டுல கொண்டு விடணும்."

"ஆளே இல்லாத காட்டுல யாருண்ணே பதில் கொடுக்கப் போறா?"

அவர் மறுபடி வண்டியைக் கிளப்பினார். ஜீப்பை ஸ்டோருக்குக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே போனதும் பச்சைக்காய் வாசம் மூக்கில் ஏறியது. காயே வராத மாதத்தில் ஏது வாசம்? சுவரைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தான். அன்றைக்கு வெயிலே அடிக்கவில்லை.

மணி ஐந்து நாற்பது. மஞ்சு, மலையில் இறங்கும் வெள்ளை மூட்டம், வாசலை மூடியிருந்தது. ஹெட்போனை மாட்டினான். வரிகளைப் பேசி முடித்தான். கூவினான்.

"ஊ...ய்..."

எதிரொலி வந்தது. அருமையாக இருந்தது.

மறுபடி கூவினான். எதிரொலி வந்தது.

மூன்றாவது முறை கூவினான்.

எதிரொலி வரவில்லை...

ஹெட்போனில் ஒரு மூச்சு. பிறகு எங்கோ மேலே, சரிவில்...

"இந்தா வர்றேன்..."

பெண் குரல்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். மைக் எப்படி அரளும்? அது பதிந்திருக்கிறது.

சரக்... சரக்... சருகில் கால் வைக்கும் சத்தம். இறங்கி வந்துகொண்டிருந்தது.

மைக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

"பதில் வந்துச்சா?" என்றார் மொக்கச்சாமி.

"இல்லண்ணே. வெரசா போவோம்."

அதுதான் அந்தப் பொய்.

இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் மொக்கச்சாமி முணுமுணுத்தார். "காலி ஜீப்பு. லோடு ஏத்துன மாதிரி தள்ளுதே."

விஜயபாண்டி பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சைக்காய் வாசம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

போடியில் ராசிங்காபுரம் பஸ் ஏறினான். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார்.

"நான் ஒருத்தன்தான்."

கண்டக்டர் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார். ஒரு டிக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஆல்பம் வெளிவந்தது. அந்தக் குரலை அவன் வெட்டவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாளில் அவனுக்குப் பதில் சொன்ன ஒரே குரல் அது. வெட்ட மனசு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து பிரேம்சிங் போன் செய்தான்.

"மாப்ளே, மொதப் பாட்டுல ஒரு பொம்பளக் குரலு. யாரு?"

"ஒன்பதாவதுலதானே?"

"மொதப் பாட்டுலடா. காதுகிட்ட கேக்குது."

முதல் பாட்டு இந்த வீட்டில் பதிந்தது. போன வருஷம். பிரேம்சிங்கே கூட இருந்தான்.

போட்டுக் கேட்டான். இரண்டாவது நிமிஷத்தில்...

"இந்தா வர்றேன்..."

பக்கத்தில். மலை இறங்கி வந்தவள் போல மூச்சு வாங்கியது.

மறுநாள் மொக்கச்சாமியைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னான். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"தேவகிருபை. அந்தக் காட்டுல காயெடுக்க வந்தவ. அஞ்சு வருசம் ஆச்சு. இதே மாதிரி மஞ்சு. பதில் கொடுத்திருக்கா. டிரைவரு நிக்காமப் போயிட்டான். ராத்திரி மண்ணு சரிஞ்சு, கூடை மட்டும்தான் கெடச்சது."

"வீட்டுல தேடலையா?"

"ஒத்தைக் கட்டைப்பு. வீட்டுல வேற ஆளில்ல. ஆளைக் காணோம்னு ஊருக்குத் தெரியவே மூணு நாளாச்சு."

தான் காணாமல் போனாலும் மூன்று நாள் ஆகும் என்று விஜயபாண்டிக்குத் தோன்றியது.

"நானே கொண்டு விட்டுர்றேன்ணே. அவுக வீடு எங்க?"

"ராசிங்காபுரம். ஊர்க் கடைசி. நீலக் கதவு."

அவனுக்குப் போக வேறு வீடு இல்லை. சாயங்காலம் திரும்பி வந்தான். பூட்டைத் திறந்தான்.

கதவு நகரவில்லை.

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

உள்ளே... அடுப்படியில் ஒரு பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம்.

தட்டினான்.

"இந்தா வர்றேன்..."